மெதுவாய்ச் சுழன்ற தட்டு

பேட்டரிக் கட்டைகளை அடுப்பு மேடையில் வரிசையாகப் படுக்க வைத்து, ஒவ்வொன்றாய் உருட்டிச் சூடேற்றிக்கொண்டிருந்தாள் செல்வமேரி. வெயில் அடித்தால் வாசலில் காயப்போட்டிருப்பாள். கரடியூர்ப் பக்கம் சில நாளாகவே பனிமூட்டம் விலகவில்லை. எஸ்டேட் குடியிருப்பில் கரண்ட் கிடையாது; ரெக்கார்டு பிளேயர் சுழல இந்தக் கட்டைகளில் கொஞ்சமாவது உயிர் வேண்டும்.

உள்ளே கட்டிலில் அவள் கணவன் தேவசிகாமணி. டாக்டர் கைவிரித்துவிட்டார். காலையில் பங்குச் சாமியார் வந்து, சாகப்போகிறவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைபூசுதல் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதன்பிறகு அவன் கேட்டது ஒன்றுதான்: "நம்ம தட்டப் போடு புள்ள."

வாசலில் செருப்புச் சத்தம். ஒண்டிக்கடை பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் லாசர், தலையில் பனித்துளியோடு நின்றார்.

"நீ வரச் சொன்னதா பஸ் கண்டக்டர் சொன்னான் தங்கச்சி. பிளேயருக்குப் புதுக் கட்டை வாங்கியாந்தேன்."

"கட்டைக்கா உங்கள வரச் சொன்னேன்? வாங்கண்ணா. தட்ட முழுசாக் கேளுங்க. கேட்டுட்டு, அந்தப் பத்திரிகைக்காரன் எழுதுனது பொய்யின்னு அவருகிட்ட உங்க வாயால சொல்லுங்க. அது போதும் எனக்கு."

லாசர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

மிஷன் பள்ளி நாட்களில், வெளிநாட்டு வாத்தியார் ஒருவர் கொண்டுவந்த கேசட்டில் ஜமைக்கா நாட்டு ரெகே இசை கேட்டுப் பித்துப் பிடித்தவர்கள் லாசரும் தேவசிகாமணியும். 'சில்வர் ஓக்ஸ்' என்று குழு சேர்த்தார்கள். லாசர் பாட, தேவசிகாமணி டிரம்ஸ் வாசிக்க, மெட்ராஸ் ஸ்டூடியோவில் 'இருபது வளைவுகள்' என்ற இசைத்தட்டு பதிவானது. ஓர் ஆங்கிலப் பத்திரிகை மட்டும் விமர்சனம் எழுதியது. "ரெகே ஊஞ்சல் மாதிரி ஆட வேண்டும். இங்கே பாடகர் ஊஞ்சலில் இருக்கிறார். டிரம்மரோ கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்." லாசர் அதை நம்பினார். குழு உடைந்தது. அதற்குப்பின் இந்த வீட்டுப் படியை இன்றுதான் மிதிக்கிறார்.

செல்வமேரிக்கு அந்த வரிகள் புரிந்ததே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தட்டைக் கேட்கிறாள். காப்பிச் செடிகளுக்கிடையே பனி நகர்வதுபோல அல்லவா அவன் தாளம் போகும்!

புதுக் கட்டைகளைப் போட்டு முள்ளை வைத்தாள்.

பாட்டு பாய்ந்தது. டிரம்ஸ் முன்னால் ஓட, லாசரின் இளங்குரல் மூச்சிரைக்கப் பின்னால் வந்தது. செல்வமேரி திடுக்கிட்டுக் கையை எடுத்தாள்.

"ஏனுங்க, மெஷின் கெட்டுப்போச்சுங்களா?"

லாசர் தரையைப் பார்த்தார். "இல்ல தங்கச்சி. நாங்க வாசிச்சது இப்படித்தான்."

கட்டிலில் போர்வை குலுங்கியது. தேவசிகாமணி சிரித்துக்கொண்டிருந்தான்.

"மாட்டிக்கிட்டேன்டா லாசரு. ஸ்டூடியோல அந்தச் செவப்பு லைட்டு எரிஞ்சதும் கையி நிக்கவே மாட்டேன்னுருச்சு. அந்தாளு சரியாத்தான் எழுதுனான்." மூச்சு வாங்கினான். "கட்டை எறங்கித் தட்டு மெதுவாச் சுத்துன ஒரு நாள்ல கேட்டேன் பாரு... நான் மனசுல நெனச்ச மாதிரியே போச்சு."

புதுக் கட்டை வாங்கவே அவன் விட்டதில்லை என்பது செல்வமேரிக்கு அப்போதுதான் உறைத்தது.

"உங்களுக்காக எத்தன பேருகிட்ட மல்லுக்கு நின்னேன்! எஸ்டேட் ரைட்டர் சம்சாரத்தோட இன்னும் பேச்சுவார்த்த இல்ல!"

"நீ சண்ட போடறது நொம்ப நல்லா இருந்துச்சு புள்ள. அதக் கெடுப்பானேன்?"

அவள் புதுக் கட்டைகளை உருவிவிட்டு, அடுப்படியிலிருந்து பழையவற்றை எடுத்துவந்து போட்டாள்.

பாட்டு தளர்ந்தது. தாளம் ஒவ்வொன்றும் இடம் பார்த்து உட்கார்ந்தது. தட்டிலிருந்த இளைஞனின் குரல் இறங்கி, கனத்து, நரைதட்டிய இந்த லாசரின் குரலாகவே ஆகிவிட்டிருந்தது. லாசர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்டா."

"பாடுறா."

லாசர் கண்ணை மூடித் தட்டோடு சேர்ந்து மெல்லப் பாடினார். செல்வமேரி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் விரல் அவள் உள்ளங்கையில் தாளம் போட்டது. ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து, சுவரையும் அலமாரியையும் மங்கலாக்கியது. அறையே எங்கோ மிதந்து போவதுபோல் இருந்தது.

விரல் ஒரு தாளத்தைத் தவறவிட்டது. அடுத்ததையும் தவறவிட்டது. அவள் காத்திருந்தாள். விரல் மறுபடி அசையவில்லை.

லாசர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. பாட்டில் ஒரு சரணம் மீதி இருந்தது. செல்வமேரி அவரைக் கூப்பிடவில்லை.