இரண்டு கதவும் ஒரு சாப்பாட்டு மேசையும்

1

இந்தக் கதை எனக்கு மொட்டைமாடியில் கிடைத்தது. வடகம் காயப்போடத்தான் போனேன். (அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.) பக்கத்து வளவில் அறிவழகன் ஒரு பழைய கதவைப் படுக்கவைத்து இழைத்துக்கொண்டிருந்தார்.

'தேக்கின் நறுமணம் காற்றில் மிதந்து…'

வேண்டாம். வந்தது பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை.

2

அறிவழகன் திருச்செங்கோட்டில் லாரிக்கு பாடி கட்டுகிறவர். அதே வளவில் எதிர்வீட்டில் அவருடைய அண்ணன் ஜெகதீஸ்வரன், தனியாள். பூர்வீக வீட்டை இடித்துப் பாகம் பிரித்தபோது இரட்டைக் கதவையும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். அன்றோடு பேச்சு நின்றது. ஒற்றைக் கதவை வைத்து என்ன செய்வீர்கள் என்று அப்போதே கேட்டேன். என்னை யார் மதித்தார்கள்?

இப்போது அறிவழகனின் மனைவி மஞ்சுளாவுக்கு அதில் சாப்பாட்டு மேசை வேண்டுமாம். மேசை ஒரு சாக்கு. மூத்தவரை ஒரு வேளையாவது கூட உட்காரவைத்துச் சோறு போட வேண்டும், அதுதான் அவள் கணக்கு. அவர் பங்குக் கதவை அவளே போய்க் கேட்டாள்.

3

முதல் பிரதியில் அவர் தரவில்லை. சண்டை அருமையாக வந்திருந்தது. நடந்தது வேறு: ஆட்டுப்பட்டியை அடைத்திருந்த கதவைக் கழற்றி, தம்பி வீட்டுச் சுவரில் சாத்திவிட்டுப் போனார். கதை எழுதுகிறவளை இப்படியா ஏமாற்றுவது?

4

எவ்வளவு இழைத்தும் ஒரு பாதி எண்ணெய்க் கறுப்பு, மறுபாதி வெயிலில் வெளுத்த சாம்பல். இரண்டையும் சேர்த்து, இனிப் பிரிக்கவே முடியாதபடி கால்களை இறுக்கினார் அறிவழகன். அப்புறம்தான் மஞ்சுளா வாசலைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது ஊட்டுக்குள்ள எப்படிங்க போகும்?"

போகாது. லாரி பாடி கட்டுகிறவருக்கு, கட்டி முடித்ததை வாசல் வழியே உள்ளே கொண்டுபோகிற பழக்கம் ஏது? மேசை இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது. (இதில் குறியீடு தேடாதீர்கள். மனிதர் அளக்க மறந்தார், அவ்வளவுதான்.)

5

மறுநாள் மதியம் மஞ்சுளா அங்கேயே மூன்று இலை போட்டாள். எதிர்வீட்டிலிருந்து ஜெகதீஸ்வரன் வந்தார். மேசையை அமுக்கிப் பார்த்தார்.

"ஏன்டா, கால் ஆடுது."

"தரை மேடுபள்ளமுங்கண்ணா."

மூத்தவர் குனிந்து, கிடந்த மரச்சில்லு ஒன்றை மேசைக் காலடியில் செருகினார். நிமிர்ந்தார்.

"ரசம் ஆறுதுங்க மாமா," என்றாள் மஞ்சுளா.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக் குழம்பு அடிப்பிடிக்கிற வாடை. நான் இறங்கி ஓடவேண்டியதாயிற்று.

முடிவு (அ): உட்கார்ந்தார்.

முடிவு (ஆ): 'பசியில்லை' என்று சொல்லிவிட்டு…

இதற்குமேல் கை வரவில்லை. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். இறங்குமுன் கண்ணில் பட்டதை மட்டும் சொல்லிவிடுகிறேன்: மேசையை அவர் அமுக்கிய இடத்தில் ஈரக் கைத்தடம் இருந்தது. கழுவிய கை.