சேர்ந்தது என்று எழுதியவள்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து பிறந்தது. ஓர் அறையில் ஆறு பேர் சிரித்தோம். ஒருவர் சிரிக்கவில்லை. சிரிக்காதவரைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பத்து நாளாகிறது. எந்தப் பக்கத்தைத் தொடங்கினாலும் சிரித்த ஆறு பேரில் ஒருத்தி வந்து வரியின் நடுவில் குந்திக்கொள்கிறாள்.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

“அன்று காலை இரும்பு தன் வேலையை மறந்திருந்தது.”

அழகாகத்தான் இருக்கிறது. எங்கெங்கோ இருக்கும் மொழிகளிலிருந்து பெயர்த்த நாவல்களைப் பேருந்தில் நின்றுகொண்டே படிக்கிறவள் நான். இப்படிப்பட்ட வாக்கியங்கள் எனக்குத் தும்மல் மாதிரி வரும். ஆனால் இரும்பு எதையும் மறப்பதில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது:

“ஓட்டுநருக்கு முந்தின நாள் வீட்டில் சண்டை. தூக்கம் கெட்ட கண்களோடு அவர் வண்டியில் ஏறி, அவசர அவசரமாக—”

இதையும் நிறுத்திவிட்டேன். அவர் வீட்டில் சண்டை நடந்ததாக யாரும் சொல்லவில்லை. அவர் நன்றாகத் தூங்கியிருந்தார். சண்டையை மூட்டியது நான்தான், கதைக்காக. [ஒருவரைக் கதாபாத்திரமாக்கிவிட்டால் அவர் தலையில் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம். லாரிக்காவது இத்தனை டன் என்று ஓர் அளவு உண்டு.]

2

விஷயத்துக்கு வருகிறேன்.

லாரிகளுக்குக் கருவிகள் செய்யும் நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை. ஓட்டுநரின் முன்னால் உள்ள சின்னத் திரையில் தெரியும் சொற்களைத் தமிழில் எழுத வேண்டும். ‘எண்ணெய் குறைவு.’ ‘கதவு திறப்பு.’ இதுவரை என் படைப்புகள் வெளிவந்திருப்பது லாரிகளில் மட்டும்தான்.

டிரெய்லரை லாரியோடு பூட்டுவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். டிரெய்லரின் அடியில் மணிக்கட்டுத் தடிமனில் ஓர் இரும்பு முளை தொங்கும். லாரியின் முதுகில் ஒரு தட்டு, அதன் நடுவில் ஒரு தாடை. லாரி பின்னால் வந்து முளையைத் தாடைக்குள் வாங்கிக்கொள்ளும். தாடை மூடிக் கவ்வ வேண்டும். அவ்வளவுதான். முப்பது டன்னும் அந்தக் கவ்வலை நம்பித்தான் ஓடுகிறது.

முன்பெல்லாம் ஓட்டுநர் இறங்கி, டிரெய்லருக்கு அடியில் தலையை விட்டு, டார்ச் அடித்துத் தாடை மூடியிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு ஏறி, டிரெய்லரின் பிரேக்கைப் போட்டுவிட்டு லாரியை லேசாக முன்னால் இழுத்துப் பார்ப்பார். நகரவில்லை என்றால் பூட்டியிருக்கிறது. எங்கள் கருவி வந்த பிறகு இறங்க வேண்டியதில்லை. முளை உள்ளே வந்ததும் ஓர் உணர்கருவி அறியும். தாடை மூடியதும் இன்னொன்று அறியும். இரண்டு நிலை, இரண்டு சொல்.

முதல் நிலைக்கு மஞ்சள் எழுத்தில் ‘சேர்ந்தது’. இரண்டாம் நிலைக்குப் பச்சை எழுத்தில் ‘பூட்டியது’. இரண்டுக்கும் இடையே இரண்டு விநாடி.

திரையில் எட்டு எழுத்துக்கு மேல் இடம் கிடையாது. அதனால்தான் ‘முளை வந்துவிட்டது, இன்னும் பூட்டவில்லை’ என்று எழுத முடியவில்லை. வேறு வழியில்லாமல்தான் ‘சேர்ந்தது’ என்ற சொல்லைப் போட்டேன்.

(இந்தக் கடைசி மூன்று வரிகளுக்குத் திரும்பி வருவேன்.)

3

அவரைச் சக ஓட்டுநர்கள் ‘நிதானம்’ என்று கூப்பிடுவார்கள். பட்டப்பெயர்தான். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் கை கழுவிய பிறகும் அவர் மென்றுகொண்டிருப்பார். “நிதானம் கிளம்பினா நாளைக்குள்ள வாசலுக்கு வந்துரும்” என்பது அவர்களுடைய பழைய நகைச்சுவை.

எங்கள் கருவி பொருத்திய வண்டியை அவர் ஏழு மாதம் ஓட்டினார். நானூறு தடவைக்கு மேல் டிரெய்லரை மாட்டியிருக்கிறார். நானூறு தடவையும் மஞ்சளுக்குப் பின்னால் சொன்ன நேரத்துக்குப் பச்சை வந்தது. அப்படி வந்ததுதான் வினை. ஒழுங்காக வரும் ஒன்றுக்கு யார் காத்திருப்பார்கள்?

ஒரு நாள் காலை, வெயில் நேராகத் திரையில் அடித்தது. மஞ்சளும் பச்சையும் அந்த வெளிச்சத்தில் ஒரே சாம்பல். ‘சேர்ந்தது’ என்று படித்தார். நிறுத்தி வைக்கும்போது டிரெய்லரைத் தாங்கும் முன்கால்களை மடக்கும் பொத்தானை அழுத்தினார். கிளம்பினார். தாடையில் காய்ந்த கிரீஸும் மண்ணும் கட்டியாக அடைத்திருந்ததால் அது மூடவில்லை. வாசலுக்கு முன்னால் திரும்பும் இடத்தில் டிரெய்லர் கழன்று, மூக்கைத் தரையில் இடித்து, காவலர் அறையின் சுவரோடு போய் நின்றது. காவலர் குதித்துத் தப்பினார். முழங்கால் தப்பவில்லை.

[தாடை மூடாமல் முன்கால்கள் மடங்கக் கூடாது என்று ஒரு தடை வைத்திருக்கலாம். அடுத்த பதிப்பில் வைக்கப்போகிறார்களாம். இந்தக் குறிப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசையாக இருக்கிறது.]

விசாரணை நடந்தது. நீள மேசை, காகிதத்தால் மூடிய தண்ணீர் டம்ளர்கள், மூலையில் ஏசி சொட்டும் வாளி. எங்கள் நிறுவனத்தின் சார்பில் நான் பேச்சைக் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தேன். திரைச் சொற்களை எழுதியது நான் என்று குழுவுக்குத் தெரியாது. யாரும் கேட்கவில்லை.

“திரையில பூட்டியதுன்னு வந்துச்சா?” என்றார் குழுத் தலைவர்.

“சேர்ந்ததுன்னு வந்துச்சு சார்.”

“நான் அதைக் கேக்கல. பூட்டியதுன்னு வந்துச்சா?”

“சேர்ந்ததுன்னா சேர்ந்ததுதானே சார்.”

எங்கள் பொறியாளர் குனிந்து சொன்னார். “சார், அது முளை வந்து சேர்ந்தது. தாடையோட சேர்ந்தது இல்ல.”

நிதானம் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “அப்ப பொண்ணு வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டா, ஆனா குடும்பத்தோட சேரலன்ற மாதிரியா சார்?”

சிரித்தோம். தலைவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். நான் சிரித்ததில் பேனா கோடு இழுத்துவிட்டது. அந்தக் கோடு என் குறிப்பேட்டில் இன்னும் இருக்கிறது. அவர் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. புரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

வரைவு அறிக்கை வந்தது: ‘ஓட்டுநரின் கவனக்குறைவு.’ வெள்ளிக்கிழமைக்குள் யாரும் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் அது கையெழுத்தாகும். கையெழுத்தானால் அவர் இனி கனரக வண்டி ஓட்ட முடியாது.

4

இந்த இடத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. நிதானம் என்று பெயர் வாங்கியவர் ஏன் இறங்கிப் பார்க்கவில்லை? பெயருக்கும் செயலுக்கும் பொருந்தவில்லையே. கதையில் ஓட்டை. சரி, நேரில் கேட்டுவிடலாம் என்று போனேன். ஆராய்ச்சிக்குப் போகிற எழுத்தாளர் என்று என்னை நானே நினைத்துக்கொண்டேன். வெட்கம்.

அவரை வண்டி கழுவும் கொட்டகையில் போட்டிருந்தார்கள். ரப்பர் காலணி, கையில் தண்ணீர்க் குழாய். ஒரு சக்கரத்தையே பத்து நிமிடமாகக் கழுவிக்கொண்டிருந்தார்.

“வாங்கம்மா. விசாரணையில எழுதிக்கிட்டு இருந்தீங்கள்ல? தள்ளி நில்லுங்க, சேறு தெறிக்கும்.”

“அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? முன்னாடியெல்லாம் நீங்க இறங்கிப் பாப்பீங்கன்னு சொன்னாங்க...”

“பாப்பேன். இழுத்தும் பாப்பேன். என்னைத் திட்டாத ஆளே இல்ல. பின்னாடி வண்டி வரிசையில நிக்கும், ஆரன் அடிப்பானுங்க.” குழாயை மூடினார். “இந்தக் கருவி வந்தப்பகூட மூணு நாலு வாரம் இறங்கிப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“அப்புறம் ஏன் விட்டீங்க?”

“அந்தத் தமிழாலதான்.”

“எந்தத் தமிழண்ணே?”

“முன்னாடி வண்டில வர்ற எழுத்தெல்லாம் பாத்திருக்கீங்களா? ‘இணைப்புச் செயல்பாடு நிறைவு நிலை’ன்னு வரும். படிச்சா மெஷினு பேசற மாதிரி இருக்கும். நம்ப மாட்டேன், இறங்கிடுவேன். இதுல ‘சேர்ந்தது’ன்னு வந்துச்சு பாருங்க... யாரோ பின்னாடி நின்னு பாத்துட்டு, சேர்ந்துருச்சுண்ணே, எடுங்கன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. நல்ல தமிழும்மா. யாரு எழுதினாங்களோ.”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். “அப்படியாண்ணே” என்றேன். காலணியில் சேறு பட்டிருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

5

மேலே உள்ள நான்கு பகுதிகளையும் அக்காவிடம் கொடுத்தேன். அக்கா பள்ளியில் கணக்கு நடத்துகிறாள். சாப்பாட்டு மேசையில் அவளுடைய விடைத்தாள் கட்டுக்கும் என் நாவல்களுக்கும் இடையே ஓர் எல்லைக்கோடு உண்டு. சிவப்புப் பேனாவோடுதான் படித்தாள். இரண்டாம் பகுதியில் நின்றாள். இடது கையை விரித்து விரலை மடக்கினாள்.

“பூ, ட், ட, வி, ல், லை. ஆறு.”

நான் தாளை என் பக்கம் இழுக்கப் பார்த்தேன்.

“எட்டு எழுத்துக்கு இடம் இருக்குன்னு நீதானேடி எழுதியிருக்க? ‘பூட்டவில்லை’ ஆறுதானே? ‘வந்தது’ நாலு. ‘சேர்ந்தது’ அஞ்சு. நாலை விட்டுட்டு அஞ்சுக்குப் போனவ இடமில்லைன்னு சொல்றியே, எந்தக் கணக்கு இது?”

சொன்னேனே, திரும்பி வருவேன் என்று. வந்துவிட்டேன்.

இடம் இருந்தது. பொறியாளர் அனுப்பிய தாளிலேயே முதல் நிலைக்கு நேராக ‘பூட்டவில்லை’ என்றுதான் இருந்தது. அதை அடித்தது நான். ஓர் ஓட்டுநர் காலையில் முதலில் காணும் சொல் ‘இல்லை’ என்றா முடிய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ‘வந்தது’ மொட்டையாக இருந்தது. ‘சேர்ந்தது’ என்று எழுதிப் பார்த்தேன். வாயில் சொல்லிப் பார்த்தேன். பயணம் போய்ச் சேர்வதும் இருவர் சேர்வதும் ஒரே சொல்லில் இருந்தன. இரண்டு அர்த்தம்! அன்று மாலை பேருந்தில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

“சொன்னா வேலை போகுமா?” என்றாள் அக்கா.

“போகும்னு நினைக்கிறேன்.”

“நினைக்கிறியா, போகுமா?”

“போகும்.”

“ம்.” சிவப்புப் பேனாவை மூடினாள். “அவருக்கு ஏற்கெனவே போயிருச்சு.”

6

முடிவுகள்.

(அ) அவள் உண்மையை எழுதிக் கொடுக்கிறாள். அறிக்கை மாறுகிறது. நிதானம் மறுபடியும் லாரியில் ஏறி, ஆரன் சத்தத்துக்கு நடுவே நிதானமாக இறங்கிப் பார்க்கிறார். [அறிக்கை மாறும் என்று யார் சொன்னது?]

(ஆ) அவள் எழுதிக் கொடுக்கவில்லை. இந்தக் கதையை ஓர் இதழுக்கு அனுப்புகிறாள். பாராட்டிக் கடிதங்கள் வருகின்றன. [இதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். எந்த இதழ் என்பதுவரை யோசித்தேன்.]

(இ) கடைசி வரியில் அவள் கையில் கடிதம். கொடுத்தாளா இல்லையா என்பது—

“இதுதான் நல்லாருக்கும்” என்று அக்காவிடம் சொன்னேன். “முடிவை வாசகர்கிட்ட விட்டுரலாம்.”

“நீ விடு. அவங்க எதையாவது புரிஞ்சுக்கட்டும். அப்புறம் சுவர்ல போய் இடிச்சா, படிக்கத் தெரியாத ஆளுன்னு சிரிக்கலாம்.”

அடுப்படிக்குப் போய்விட்டாள். (இ)யை அடித்தேன்.

7

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் விசாரணை அலுவலகத்துக்குப் போனேன். கடிதம் நான்கு வரி. ‘முதல் நிலைக்குப் பொறியாளர் தந்த சொல் “பூட்டவில்லை”. அதை மாற்றி “சேர்ந்தது” என்று எழுதியவள் நான். அதைப் பூட்டிவிட்டது என்று ஓர் ஓட்டுநர் படித்தால் அது அவருடைய பிழை அல்ல. பொறியாளரின் தாளை இணைத்துள்ளேன்.’ இதற்கு முன்பு மூன்று வரைவுகள் எழுதினேன். மூன்றிலும் ஓர் உவமை இருந்தது.

சன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

“புகாராம்மா, விளக்கமா?”

“ரெண்டும் இல்ல சார்.”

“புகார்னா யார் மேலன்னு போடணும்.”

“என் மேலதான்.”

“உங்க மேல நீங்களேவா?” பதிவேட்டைப் புரட்டினார். “அதுக்கு இதுல கட்டம் இல்லியே.” கொஞ்சம் யோசித்து, ‘இதர’ என்ற கட்டத்தில் எண் போட்டு, முத்திரை குத்தி, ஒப்புகைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். இன்று வெள்ளி. குழுவிலிருந்து பதில் இல்லை. நிறுவனத்திலிருந்து மட்டும் அழைப்பு வந்திருக்கிறது, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு.

இன்னும் ஒரு காட்சி பாக்கி இருக்கிறது. வண்டி கழுவும் கொட்டகைக்குப் போய், “அண்ணே, அந்தத் தமிழை எழுதினது நான்தான்” என்று சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தை மூடியதும் கிளம்புகிறேன். அந்தக் காட்சியை எழுத மாட்டேன். நீங்களும் மனதுக்குள் எழுதிக்கொள்ள வேண்டாம்.

எழுதினால் அவர் என்னை மன்னித்துவிடுவார். எழுதுவது நானல்லவா.