கெர்ட்ரூட் டீச்சரின் ஒப்புதல் கடிதம்

கெர்ட்ரூட், செமோர் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடமாக ஆசிரியை. பயிற்சிக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்து வாங்கிய சான்றிதழ்தான் அவளுடைய தகுதி. கணவன் ஆம்புரோஸ் அதே தோட்டத்து ஆபீசில் கிராணி. சம்பளக் கணக்கு எழுதுவது, கடிதங்களை அனுப்புவது எல்லாம் அவன் வேலை. மூன்று வயதில் நவமணி என்றொரு மகள்.

1979 மே மாதம் கெர்ட்ரூட்டுக்குப் பினாங்கிலிருந்து பல்கலைக்கழகக் கடிதம் வந்தது. ஆசிரியர் பயிற்சியோடு சேர்ந்த பட்டப்படிப்பு, நான்கு வருடம். சம்மதம் என்றால் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் மே 31, மாலை நான்கு மணிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும்.

ஒரு வாரம் இருவரும் அதையே பேசினார்கள். நான்கு வருடம் சம்பளமில்லாத லீவு. படிப்புக்கும் விடுதிக்கும் கடன் கிடைக்கும், வீட்டுக்கு ஒரு காசும் வராது. படித்து முடித்தால் இடைநிலைப்பள்ளியில் வேலை, தொடக்கச் சம்பளமே இப்போது வாங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் அரசாங்கம் எந்த மூலைக்கு அனுப்பினாலும் போக வேண்டும். போகாமல் இருந்தாலும் நிலைமை உறுதியில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்தபோது பள்ளியில் தொண்ணூறு பிள்ளைகள், இப்போது நாற்பத்தொன்று.

கடைசியில் ஆம்புரோஸ், "சரி, போய்ப் படி. என் சம்பளம் இருக்குல்ல, சமாளிச்சுக்கலாம்" என்றான். அவள் கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதத்தைத் தானே ரிஜிஸ்டர் தபாலில் போடுவதாக வாங்கிக்கொண்டு போனான். அன்று சாயங்காலம், போட்டுவிட்டதாகவும் சொன்னான்.

மே 30, புதன்கிழமை. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் பிச்சைமுத்து அவளைக் கூப்பிட்டார். "டீச்சர், உங்க லீவு பாரத்தை நாளைக்கு ஈப்போ கல்வி ஆபீசுக்கு அனுப்பணும். ரிஜிஸ்டர் ரசீது ஒண்ணு வச்சா நல்லதுலா. ஒப்புக்கிட்டதுக்கு அத்தாட்சி வேணும்ல."

மத்தியானச் சாப்பாட்டின்போது ஆம்புரோஸிடம் ரசீதைக் கேட்டாள்.

"ஆபீஸ் லாச்சியில இருக்கு. சாயங்காலம் எடுத்தாரேன்."

சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். வெயில் அதிகம், பசியில்லை என்றான். அவளுக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை. பாரத்தை அன்றைக்கே எழுதி முடித்துவிடலாம் என்றுதான் மூன்று மணிக்கு ஆபீசுக்குப் போனாள். ஆம்புரோஸ் ரப்பர் பால் ஸ்டோருக்குப் போயிருந்தான். அவன் மேசை லாச்சியை இழுத்தாள்.

ரசீது இல்லை. அவள் கையெழுத்தில் முகவரி எழுதிய அந்த உறையே இருந்தது, தபால்தலை ஒட்டாமல். அதன் அடியில் கம்பெனியிலிருந்து அவன் பெயருக்கு வந்த கடிதம். தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டுவிட்டது, ஜூலை 31-ஓடு அவனுக்கு வேலையில்லை, குடியிருக்கும் வீட்டையும் அதே தேதிக்குள் காலி செய்ய வேண்டும் என்றிருந்தது. தேதியைப் பார்த்தாள். அவன் 'போட்டுவிட்டேன்' என்று சொன்ன அதே நாள்.

அவள் நின்றபடியே இருந்தாள். ஆம்புரோஸ் உள்ளே வந்தவன், திறந்திருந்த லாச்சியைப் பார்த்ததும் கதவருகிலேயே நின்றுவிட்டான்.

"எப்ப சொல்றதா இருந்தீங்க?"

"எதை?"

"ரெண்டையும்."

அவன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். "ரெண்டு தடவை தபாலாபீஸ் வாசல் வரைக்கும் போனேன். உள்ள போக முடியல. நீயும் போய்ட்டா பிள்ளைக்குச் சோறு எங்கிருந்து வரும்? எங்க தங்குறது?"

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ போமாட்டே. அப்புறம் ஆயுசு பூரா இவராலதான் கெட்டேன்னு நெனச்சுக்கிட்டே இருப்பே. கடுதாசி வழியில தொலைஞ்சு போச்சுன்னா யாரையும் குத்தம் சொல்ல வேண்டாம் பாரு."

"நான் அப்பவும் உங்களை நம்பிக்கிட்டு இருந்திருப்பேன்," என்றாள் கெர்ட்ரூட். "அதுக்கு உங்களுக்குக் கூச்சமா இருந்திருக்காதா?"

அவள் உறையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

தலைமையாசிரியரிடம் ஒருநாள் லீவு சொல்லிவிட்டு, மறுநாள் விடியும்போதே கிளம்பினாள். நவமணி தூங்கிக்கொண்டிருந்தாள். ஆம்புரோஸ் அடுப்படியில் நின்றபடி, "பிள்ளையை நான் பாத்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னான். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

ஈப்போவில் எட்டு மணிக்கு பட்டர்வொர்த் பஸ் கிடைத்தது. அங்கிருந்து பினாங்குத் தீவுக்குப் படகு. ஒரு மணிக்கெல்லாம் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். கமுந்திங்கைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ்ஸின் முன்பக்கமிருந்து புகை வந்தது. ரேடியேட்டர் கொதித்துவிட்டது. டிரைவர் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார். போனவர் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். தண்ணீர் ஊற்றியும் வண்டி கிளம்பவில்லை. வேறு பஸ் வரும் என்றார்கள்.

சாலையோரத்தில் மற்றவர்களோடு நின்றாள். பன்னிரண்டானது. பன்னிரண்டரையானது. கைப்பைக்குள் உறை இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இந்தப் பஸ் இப்படியே நின்றுவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. முயற்சி செய்தேன், பஸ் கெட்டுவிட்டது என்று வீட்டுக்குப் போகலாம். தன் ஆசிரியைச் சம்பளம் மாதாமாதம் வரும். ஒரு வாடகை வீடு பார்க்கலாம். பிள்ளை கூடவே இருக்கும். யார்மேலும் குற்றமில்லை. அந்த நினைப்பில் ஒரு நிம்மதிகூட இருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: ஆம்புரோஸ் தேடியதும் இதே நிம்மதியைத்தான். முகம் சுட்டது. சாலை நடுவில் இறங்கி, வருகிற வண்டிகளை நோக்கிக் கையை நீட்டினாள்.

மூன்று டாக்சிகள் நிறுத்தாமல் போயின. நான்காவது நின்றது. உள்ளே மூன்று பேர். "பட்டர்வொர்த், சத்து ஓராங்!" என்று டிரைவர் ஒரு விரலைக் காட்டினார். ஒருவருக்குத்தான் இடம். சாலையோரத்தில் நின்ற யாரையும் திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டாள்.

படகுத்துறையில் கூட்டம். படகு புறப்படுவதற்குள் மணி இரண்டே முக்கால். அக்கரையில் இறங்கி, பஸ் மாறி, வளாகத்துக்குள் ஓடி, பதிவு அலுவலகக் கதவைத் தள்ளியபோது நான்குக்கு எட்டு நிமிடம் இருந்தது. கவுண்டரில் ஒரு மலாய்ப் பெண் கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். உறையை வாங்கிப் பிரித்தவள், அனுப்புநர் முகவரியைப் பார்த்து, "செமோரா? ஏன் தபாலில் அனுப்பவில்லை?" என்று மலாயில் கேட்டாள்.

"மறந்துவிட்டோம்," என்றாள் கெர்ட்ரூட். அவர்தான் அனுப்பவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்தப் பெண் முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.

அன்று பினாங்கில் ஒரு தோழி வீட்டில் தங்கி, மறுநாள் மத்தியானம் வீடு திரும்பினாள். ஆம்புரோஸ் மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தான்.

"கொடுத்தாச்சா?"

"கொடுத்தாச்சு."

"கமுந்திங்ல ஒரு தொழிற்சாலையில ஸ்டோருக்கு ஆள் எடுக்கிறாங்களாம். திங்கக்கிழமை போய்ப் பாக்குறேன்," என்றான். அவ்வளவுதான் பேச்சு. மன்னிப்பு என்ற சொல்லை அவன் சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

அந்த வேலை அவனுக்குக் கிடைத்தது. அங்கேயே இன்னும் இருவரோடு ஓர் அறையில் தங்கிக்கொண்டான். நவமணியைச் சிம்பாங் பூலாயில் இருந்த கெர்ட்ரூட்டின் அக்கா ஐவி வளர்த்தாள். மூன்று பேரும் மூன்று ஊரில். கெர்ட்ரூட் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மகள் ஒரு பிஸ்கட் எடுக்கக்கூடப் பெரியம்மா முகத்தைப் பார்த்து உத்தரவு கேட்பாள். தாய் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

1983-இல் கெர்ட்ரூட் பட்டம் வாங்கினாள். தூரத்துக் கிளந்தான் மாநிலத்துக்கு அனுப்பினார்கள். இன்னும் மூன்று வருடம். மாற்றல் கேட்டு ஐந்து விண்ணப்பம் எழுதினாள், ஒவ்வொன்றையும் தன் கையாலேயே தபாலில் போட்டாள். 1986-இல் ஈப்போவில் ஓர் இடைநிலைப்பள்ளி கிடைத்தது. அதே வருடம் நாடு முழுக்க வேலைகள் சுருங்கின. ஆம்புரோஸின் தொழிற்சாலையும் பாதிப் பேரை நிறுத்தியது. அவனும் அதில் ஒருவன். ஈப்போ புந்தோங்கில் எடுத்த வாடகை வீடும், சாப்பாடும், மகளின் பள்ளிச்செலவும் எட்டு மாதம் அவளுடைய பட்டதாரிச் சம்பளத்தில்தான் ஓடின.

ஒருநாள் காப்பி குடிக்கும்போது ஆம்புரோஸ், "நீ அன்னைக்குப் போனதுதான் சரி" என்றான்.

"சரிதான்," என்றாள் அவள். "ஆனா நீங்க மறைச்சது எனக்கு இன்னும் ஆறலைங்க."

"தெரியும்," என்று சொல்லிவிட்டு டம்ளர்களைக் கழுவ எடுத்துப் போனான்.

பத்து வயது நவமணிக்கு அந்த வீடு பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்தால் துணிகளைப் பையில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள், பெரியம்மா வீட்டுக்குப் போக வேண்டுமென்று. கெர்ட்ரூட் திட்டவில்லை, தடுக்கவுமில்லை. பள்ளி விட்டு வந்த களைப்போடு அவளைப் பஸ்ஸில் அழைத்துப் போய் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை போய்க் கூட்டி வருவாள். போகிற வழியில் சில நாள் மகள் எதையாவது பேசுவாள். பல நாள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு வருடம் இப்படியே போனது. மூன்றாவது வருடத் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, "இந்த வாரம் வேணாம்மா, கணக்குப் பரீட்சை இருக்கு, சொல்லிக் கொடுங்க" என்றாள் நவமணி. கெர்ட்ரூட் திருத்திக்கொண்டிருந்த நோட்டுகளை ஓரமாகத் தள்ளிவைத்து, மேசையில் இடம் செய்தாள்.