சிவப்பு விழுந்தால் லொறி

குளவி கொட்டிய அழகம்மாவைத் தேயிலைக் கொழுந்துச் சாக்கில் தூக்கிவந்து டிஸ்பென்சரி பெஞ்சில் கிடத்தினார்கள். முகம் பொங்கி, கண் இரண்டும் மூடிப்போயிருந்தன. அங்கே கூட்டிப் பெருக்குகிற அவள் மகள் சுதர்ஷினி விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

டாக்டர் ஐயா செல்வரத்தினம் சட்டையில் குத்தியிருந்த மெஷினைத் தட்டினார். போர்முனைக்கென்று செய்த மெஷின். குண்டடிபட்டவனைப் பார்க்கிறவரின் இரண்டு கையும் இரத்தத்தில் இருக்கும். ஆகவே அதுவே காதால் கேட்டு, அதுவே குறிப்பெழுதி, பச்சையோ சிவப்போ போட்டுவிடும். சோதித்துப் பார்க்க ஒரு போர்முனை தேவைப்பட்டது. நாட்டில் சண்டை முடிந்து வருசக்கணக்காகிவிட்டதால் லிந்துலைப் பக்கத்துத் தேயிலை மலை ஒன்றைக் கொடுத்தார்கள். தோட்டத்துக்கும் வசதி. சிவப்பு விழுந்தால்தான் ஆஸ்பத்திரிக்கு லொறி என்று ஆபீசில் சட்டம் போட்டாயிற்று.

"எப்பிடி இருக்கு, அழகம்மா?"

தோட்டத்துத் துரை கேட்டாலும் டாக்டர் கேட்டாலும் அந்த லயத்து வரிசை வீடுகளில் பதில் ஒன்றுதான். பிரசவ வலியிலும் அதைத்தான் சொல்வார்கள்.

"பரவாயில்லைங்க ஐயா."

பச்சை. 'சிப்பாய் நலம். பணிக்குத் திரும்பலாம்.'

"இங்க ஊசி மருந்து தீந்துபோச்சு. நான் சொன்னா லொறி வராது பிள்ளை. இதுக்குக் கேக்கிற மாதிரி அவவைக் கத்தச் சொல்லும்," என்றார் ஐயா, கைகளைக் காற்சட்டைப் பையில் விட்டபடி. இரத்தமே படாத கைகள்.

"அம்மா, வலிக்குதுன்னு கத்தும்மா!"

"சீ, சும்மா இரு புள்ள. ஐயா முன்னுக்கா?" அழகம்மாவின் தொண்டையும் வீங்கிக்கொண்டு வந்தது.

கொட்டிய இடமொன்றைச் சுதர்ஷினி கட்டைவிரலால் அழுத்தினாள். அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டாள். பச்சை. இன்னும் அழுத்தினாள். பச்சை. கடைசியில் சுதர்ஷினியே கத்தினாள், லயத்து நாய்களெல்லாம் பதில் சொல்லும்படி.

சிவப்பு. 'இரண்டாம் சிப்பாய், படுகாயம்.'

லொறி வந்தது. ஐயா மெஷினைக் கழற்றிச் சுதர்ஷினியின் நெஞ்சில் குத்தினார். "வழியில பச்சை விழுந்தா லொறி திரும்பிடும். சிவப்பு உமக்குத்தான், படுத்துக்கொண்டு விடாமக் கத்தும்."

"நீ படும்மா, நான் உக்காந்து கத்துறேன்."

"ஐயா சொன்ன மாதிரி படு புள்ள," என்று அழகம்மா துணைக்கு வந்தவளாய் ஓரத்தில் குந்திக்கொண்டாள்.

கொட்டகலைக் கடைத்தெருவில் சனம் 'என்னா, என்னா' என்று எட்டிப் பார்த்தது. அழகம்மாவுக்கு வெட்கமாய்ப் போயிற்று. தட்டித் தடவி முந்தானையால் மகளின் வாயைப் பொத்தினாள். அதற்குள்ளிருந்தும் சுதர்ஷினி கத்தினாள். அடுத்த வளைவில் அம்மாவின் தலை அவள் தோளில் சாய்ந்தது.

"அம்மா?" என்றாள் மெதுவாக.

அந்தக் குரலுக்கு மெஷின் பச்சையாய் மினுங்கியது. லொறி வேகம் குறைந்து, திரும்ப இடம் பார்த்தது. சுதர்ஷினி கத்தத் தொடங்கினாள். வாயைப் பொத்திய அம்மாவின் கை அசையாமல் அப்படியே இருந்தது.