காலண்டரில் இல்லாத நாள்

லானுஸுக்குக் காலண்டர் பார்க்காமல் மூச்சுவிடவும் வராது. பாலித் தீவில் அந்த ஊரே நாள் பார்க்கிற ஊர்தான். ஆனால் முடி வெட்டவும், சேவலைக் கூண்டு மாற்றவும் நாள் பார்ப்பவர் இவர் ஒருத்தர்தான். இப்பேர்ப்பட்ட ஆளிடம் போய், "எப்படா என்னைக் கொல்லப் போற?" என்று நண்பர் ரிமின் கேட்டால் என்ன ஆகும்?

நாற்பது வருஷ நட்பு. ரிமினின் அப்பா வயிற்றில் கட்டி வந்து, மாதக்கணக்கில் அலறி அலறிச் செத்தார். எரித்துவிட்டு வந்த அன்று இரண்டு பேரும் பனங்கள் குடித்துவிட்டு, சுடுகாட்டுக் கோயிலில் நின்று சத்தியம் செய்தார்கள்: இந்தக் கதி நம்மில் யாருக்கு வந்தாலும் மற்றவன் முடித்துவைக்க வேண்டும். போதையில் சொன்னது என்று தப்பிக்கவும் வழியில்லை. சாமி குடிக்கவில்லையே! இப்போது அதே கட்டி ரிமினுக்கு. ஆஸ்பத்திரிக்காரர்களும் கையை விரித்துவிட்டார்கள்.

"இந்த மாசம் கோயில் திருவிழாடா. ஊருல பொணம் விழுந்தா ஊருக்கே தீட்டு" என்றார் லானுஸ்.

"போன மாசம் அமாவாசை சரியில்லேன்ன. கொண்டா அந்தக் காலண்டரை!"

இரண்டு கிழங்களும் தலையை முட்டிக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தார்கள்.

"மீன்கூடு பின்ன நல்ல நாள்."

"பன்னிக்குக் காயடிக்க நல்ல நாள்."

"சிநேகிதனைக் கொல்ல?"

"போடலையேடா."

"அச்சடிச்சவனுக்குச் சிநேகிதனே கிடையாது போல!"

ரிமின் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, வலிக்குதுடா பாவி! போன வருஷம் காலொடிஞ்ச சேவலை நாள் பார்த்தா அறுத்த?"

"அது என் ஜோக்குக்குச் சிரிக்கலையே."

அதற்கும் ஒரு சிரிப்பு. இப்படியே திருவிழாவும் கழிந்தது. அப்புறம் சிரிப்பு நின்றது. மூன்று நாள் ரிமின் போட்ட அலறல் நாலு வீடு தாண்டி லானுஸின் முற்றத்தில் கேட்டது. நாலாம் நாள் காலை அவர் காலண்டர் பக்கமே திரும்பாமல் விஷ மருந்தைக் கலந்து, கோப்பையை மூடி எடுத்துக்கொண்டு போனார்.

"நல்ல நாளா?" என்று கேட்டார் ரிமின்.

"பாக்கல."

"நீயா? பாக்கலையா? ஏன்டா?"

"நீ கத்துறதை என்னால கேக்க முடியலடா."

ரிமின் கோப்பையைப் பார்த்தார், நண்பரைப் பார்த்தார். "அப்ப இது யாரு வலிக்கு மருந்து? உன்னுதுக்கா, என்னுதுக்கா?"

லானுஸுக்குப் பொய் வரவில்லை. "என்னுதுக்குத்தான்."

"அப்ப நீயே குடி!"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்ததில் பாதி மருந்து பாயில் கொட்டியது. மீதியை லானுஸே வாசலில் ஊற்றினார். மூச்சு வாங்கியபடி ரிமின் சொன்னார்: "நான் கத்தும்போது ஓடாம என் பக்கத்துல உக்காரு. என்னைக்கு உன்னால தாங்க முடியுதோ, அன்னைக்குக் கொண்டா. அன்னைக்குக் குடுத்தாத்தான் அது எனக்குக் குடுக்குறது."

நல்ல கதையாக இருக்கிறதே என்று திட்டிக்கொண்டே லானுஸ் உட்கார்ந்தார். முதல் நாள் காதைப் பொத்தினார். இரண்டாம் நாள் வாசல்வரை ஓடித் திரும்பி வந்தார். போகப் போக அலறலுக்கு நடுவே கையைப் பிடிக்கவும், வாயைத் துடைக்கவும், அலறல் ஓய்ந்ததும் ஊர் வம்பு சொல்லவும் பழகிவிட்டார். ஒன்பதாம் நாள் ரிமின் அலறி முடித்து, அவர் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"முடியுதாடா?"

"முடியல. சத்தியமா முடியல."

"பொய். இன்னிக்கு நீ கண்ணைக்கூட மூடலை."

லானுஸ் எழுந்துபோய் மருந்தைக் கலந்தார். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. அதைப் பார்த்துத்தான் அவருக்கு அழுகை வந்தது.