நாகலெட்சுமி வீட்டுக்குள் வந்த மடு

இல்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லை. வாகைமலைத் தோட்டத்து ஆற்றின் மடு நாகலெட்சுமியின் வீட்டுக்குள் வந்தது திங்கட்கிழமை விடியும் நேரம். ஞாயிறு என்று சொல்கிறவர்கள் வீடியோ போட்ட நாளையும் தண்ணீர் வந்த நாளையும் போட்டுக் குழப்புகிறார்கள். வந்தது இடுப்பளவுத் தண்ணீர், பாசி பிடித்த ஏழு பாறைகள், எழுபதுக்குக் குறையாத கெண்டையும் திலாப்பியாவும், ஒரு விலாங்கு. கதவு உள்ளே பூட்டியபடியே இருந்தது, கூரைத் தகரத்தில் ஓர் ஆணிகூட அசையவில்லை. நாகலெட்சுமியும் மகள் நிலக்ஷியும் மெத்தையோடு மிதந்தபடிதான் கண் விழித்தார்கள். நாகலெட்சுமி முதலில் அரிசி வாளியைத் தூக்கி அலுமாரி மேல் வைத்தாள், பிறகு மகளின் புத்தகங்களைத் தேடினாள். வரலாற்றுப் புத்தகத்தின் மேல் ஒரு நண்டு உட்கார்ந்திருந்தது. கதவைத் திறந்தபோது வாசற்படிக்கு வெளியே ஒரு சொட்டுக்கூட வழியவில்லை. வெட்டி வைத்த தொதல் இனிப்புத் துண்டு போலத் தண்ணீர் நிலைப்படியோடு நேராக நின்றது.

இதற்குக் காரணம் தர்ஷன். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அவனுக்கே இல்லை. தர்ஷனுக்கு இருபத்திரண்டு வயது. கொழும்பில் ஒரு துணிக்கடையில் நின்றுவிட்டு, அங்கே பிடிக்காமல் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பி, தூண்டிலும் போனுமாக மீன் பிடிக்கிற வீடியோ போட்டுக்கொண்டிருந்தவன். லிந்துலை முதல் வலப்பனை வரைக்கும் அவன் மிதிக்காத ஆறு இல்லை, அவன் காட்டிக்கொடுக்காத ஆறும் இல்லை. அவன் காட்டிய இடங்களுக்கெல்லாம் அடுத்த ஞாயிறே வேன்கள் போயின. அதற்கடுத்த ஞாயிறு அங்கே வெறும் போத்தல்கள்தான் இருந்தன. வாகைமலை மடுவை மட்டும் அவன் அதுவரை தொடவில்லை. காரணம், அது சொந்த ஊர் மடு. தோட்டத்தில் வேலை இல்லாத நாட்களில் நாற்பது வீட்டுக் குழம்புச் சட்டியும் அதை நம்பித்தான் அடுப்பில் ஏறியது.

அந்த மடுவைப் பற்றி வாகைமலையில் ஒரு வழக்கம் இருந்தது. மீனோடு வருகிறவனை வழியில் பார்த்தால், "எங்கே பிடிச்ச?" என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மரியாதை இல்லை. அவன் பொய்யாக ஓர் இடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதுவும் மரியாதை இல்லை. மீன் துள்ளிக்கொண்டிருக்கும்போதே, "தலவாக்கலை டவுன்ல வாங்கினேன்" என்பார்கள். கேட்டவரும் "நல்ல மீனு" என்று சொல்லிவிட்டுப் போவார். உண்மையான இடத்தைத் திறந்த வெளியில் வாய்விட்டுச் சொன்னால் மடுவின் காதில் விழுந்துவிடும் என்று நம்பினார்கள். விழுந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. யாரும் சொல்லிப் பார்த்ததில்லை.

தர்ஷன் அந்த ஞாயிறு மடுவில் ஒன்றரை முழக் கெண்டை ஒன்றைப் பிடித்தான். அதை வீடியோவாகப் போடாமல் இருக்க அவனால் முடியவில்லை. போட்டான். ஆனால் அவனும் வாகைமலைக்காரன் அல்லவா? வழக்கப்படி இடத்தைப் பொய்யாகக் குறித்தான். லொகேஷன் புள்ளியைக் கொண்டுபோய் நாகலெட்சுமி வீட்டுக் கூரையின் மேல் வைத்தான். வேறு எத்தனையோ இடம் இருக்க அங்கே ஏன் வைத்தான் என்றால், அதற்கு முந்தைய வாரம் அவன் பாட்டுப் பெட்டி அலறியபோது, மகள் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று நாகலெட்சுமி வந்து வயரைப் பிடுங்கியிருந்தாள். "நாலு கொழும்பு வேன் வந்து கதவத் தட்டட்டும், அப்பத் தெரியும்," என்று தம்பியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான். வேன்களுக்கு முன்னால் மடு வந்துவிட்டது. அதுவும் அவன் சொன்னதை நம்பித்தான் வந்தது.

ஆற்றில் மடு இருந்த இடத்தில் ஈரமான ஒரு குழி மட்டும் கிடந்தது. ஆறு அதைச் சுற்றிக்கொண்டு போனது.

வேன்கள் புதன்கிழமை வந்தன. கண்டி, குருநாகல், கொழும்பு. "அக்கே, மெஹெத மாளு இன்னே?" என்று, மீன் இருப்பது இங்கேதானா எனச் சிங்களத்தில் கேட்டார்கள், பதிலுக்கு நிற்காமல் ஜன்னல் வழியே தூண்டில் போட்டார்கள். நாகலெட்சுமி விளக்குமாற்றால் அடித்தாள். அடி வாங்கியதையும் வீடியோ எடுத்துப் போட்டார்கள். அதைப் பார்த்து இன்னும் வேன் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஜன்னல் கண்ணாடி போய்விட்டது, சாமிப் படத்தில் ஒரு தூண்டில் முள் மாட்டியிருந்தது, படுக்கிற இடத்தில் பியர் டின்கள் மிதந்தன. தாயும் மகளும் வாசலில் தறப்பாள் கட்டிப் படுத்தார்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு அப்போது ஒன்பது வாரம் இருந்தது.

கிராம உத்தியோகத்தர் யோகேஸ்வரன் யாழ்ப்பாணத்துக்காரர். வந்தார், காற்சட்டையை முழங்கால் வரை மடித்து ஆழம் பார்த்தார், பிறகு படிவத்தைப் பார்த்தார்.

"அக்கா, இதை வெள்ளமெண்டு எழுதேலாது. வெள்ளமெண்டால் பக்கத்து வீட்டிலயும் தண்ணி நிக்கோணும்."

"அப்ப என்னான்னு எழுதுவீங்க சார்?"

"வீட்டுக்குள்ள மீன் வளக்கிறியள் எண்டு எழுதலாம். ஆனா அதுக்கு அனுமதி எடுத்திருக்கோணும்."

அவர் கெட்டவர் இல்லை. போகும்போது நிலக்ஷிக்குத் தன் பேனாவைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

தர்ஷன் வீடியோவை அழித்தான். மடு அசையவில்லை. ஆயிரத்துச் சொச்சம் பேர் அதற்குள் பகிர்ந்துவிட்டார்கள், அவர்கள் போனில் எல்லாம் மடு நாகலெட்சுமி வீட்டில்தான் இருந்தது. பிறகு புதிதாக ஒன்று போட்டு, புள்ளியைக் காலியான விளையாட்டுத் திடலில் வைத்தான். மீன்கள் எல்லாம் ஒரு தடவை தலையைத் திருப்பி ஜன்னல் வழியே அவனைப் பார்த்தன, அவ்வளவுதான். ஒருமுறை ஏமாற்றியவனின் பொய்யை மடு மறுபடி ஏற்கவில்லை.

நிலக்ஷி கணக்கில் கெட்டிக்காரி. அவள்தான் கண்டுபிடித்தாள். "பொய் சொன்னதாலதானே வந்திச்சு? உண்மைய சொன்னா போயிரும்மா."

பொய் போன இடமெல்லாம் உண்மையும் போக வேண்டும், அதனால் உண்மையைச் சொல்வது என்றால் நாட்டுக்கே சொல்வது. அதற்கு லயம் கூடியது. கூட்டம் மாரியம்மன் கோயில் வாசலில் நடந்தது. தோட்டத்துத் தலைவர் நல்லமுத்து நடுவில் உட்கார்ந்தார். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் அன்றைக்குக் காலையில் நாகலெட்சுமி ஜன்னலில் தூண்டில் போட்டவர்கள். வேலை இல்லாத நாளில் முன்பு மலை இறங்கி ஏற வேண்டும். இப்போது மீன் லயத்துக்கே வந்துவிட்டது, கால் வலி இல்லை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லார் முகத்திலும் இருந்தது.

"இந்தா பாரு நாகலெட்சுமி," என்றார் நல்லமுத்து. "எடத்த வெளிய சொல்லிட்டா, வலை போடுறவன், மீனக் கொல்ற பவுடர் போடுறவன் எல்லாம் வந்து ஒரே மாசத்துல தொடச்சிட்டுப் போயிருவான். நாப்பது வீடு இருக்கு. ஒரு வீட்ட பாக்கிறதா, நாப்பது வீட்ட பாக்கிறதா?"

"அப்ப ஒரு மாசத்துக்கு உங்க வீட்டுல வச்சிக்கிறீங்களாண்ணே?"

"என் வீட்டுல எடம் ஏதும்மா. பிரிட்ஜ் இருக்கு."

"எங்க வீட்டுல புள்ள இருக்கு."

மூக்கன் என்கிற பால் கறக்கிறவர் பின்னாலிருந்து, "புள்ளைய மாமா வீட்டுல வச்சிப் படிக்கச் சொல்லு, மடுவுக்கு மாமா வீடு இல்லைல்ல!" என்றார். சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள். பிறகு சூடம் கொளுத்தி, மடுவின் இடத்தை எவரும் வெளியில் சொல்வதில்லை என்று ஒவ்வொருவராகக் கையடித்துச் சத்தியம் செய்தார்கள். தர்ஷனும் செய்தான், அவன் அம்மா காளியாயி அவன் பிடரியைப் பிடித்துத் தள்ளிச் செய்ய வைத்தாள். தட்டு நாகலெட்சுமியிடம் வந்தபோது அவள் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். சூடம் அணையும் வரை எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் கையை எடுக்கவில்லை.

மறுநாள் காலை அவள் காளியாயி வீட்டு வாசலில் நின்றாள்.

"தர்ஷன், போன எடுத்துக்கிட்டு வா. லைவ் போடணும்."

"அக்கா, சூடத்துல அடிச்சிருக்கேன்க்கா. லயமே என்ன வெட்டிப் போட்டுரும்."

"நீ வாயத் தொறக்காத. நீ சத்தியம் பண்ணவன். நான் பண்ணல. நீ சும்மா போன புடி, நான் பேசுறேன்."

காளியாயி உள்ளேயிருந்து, "அவன விடுடி, என் புள்ளைய ஊரு தின்னுரும்!" என்று கத்தினாள். "என் வீட்டத் தின்னப்ப நீ என்ன பண்ண?" என்றாள் நாகலெட்சுமி. "மூணு கெண்டை கொண்டு போன." காளியாயி அடுப்பு ஊதப் போய்விட்டாள். அது உண்மை, மூன்றுதான்.

தர்ஷன் போனைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தான். நாகலெட்சுமி அவனைப் பார்த்தபடி முன்னோக்கி நடந்தாள். பத்தொன்பதாயிரம் பேர் பார்த்தார்கள்.

"இது எங்க வீடு. இங்க மீன் இல்ல, இது குடும்பம் இருக்கிற எடம்," என்று ஆரம்பித்தாள். "இது கோயிலு. இதுக்குக் கீழ பன்னெண்டாம் நம்பர் மலை. ரெண்டாவது தண்ணிக் கானு வரைக்கும் நேரா போகணும், அங்கன எடது பக்கம் திரும்பணும். செருப்ப கழட்டிக்கங்க, வழுக்கும்." அவள் முதல் வார்த்தையைச் சொன்னபோது வீட்டுக்குள் தண்ணீர் ஒருமுறை குலுங்கியது. கோயிலைத் தாண்டியபோது நிலைப்படியைத் தாண்டி வெளியே வந்தது. பிறகு தரைக்கு ஒரு சாண் மேலே, ஏழு பாறைகளோடும் மீன்களோடும், தொழுவத்துக்குத் திரும்பும் பசுவின் வேகத்தில், தேயிலைக்கு நடுவே அவள் பின்னால் வந்தது. மீன்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருந்தன. வீட்டுக்குள் வந்தபோது தூக்கிக்கொண்ட ஒரு ஈயச் சட்டியும் அதற்குள் இருந்தது. நிலக்ஷி பின்னாலேயே ஓடிப்போய்க் கையை விட்டு அதை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டில் நின்றவர்கள் அதை விட்டுவிட்டு வழி நெடுக வரிசையாக நின்றார்கள். மண்ணை அள்ளித் தூற்றியவர்களும் உண்டு.

"ஒரு வீட்டுக்காக ஊர வித்துட்டா!" என்றார் நல்லமுத்து.

"என் வீடு எந்த ஊர்லண்ணே இருக்கு?" என்று கேட்டுவிட்டு, நாகலெட்சுமி போனைப் பார்த்து, "இந்தப் பாறையத் தாண்டினா ஆறு," என்றாள். மடு தன் குழிக்குள் இறங்கி உட்கார்ந்தது. ஆறு சுற்றிப் போவதை நிறுத்தி மறுபடி அதன் வழியே ஓடியது. எல்லாம் இருபத்தாறு நிமிடம்.

நல்லமுத்து சொன்னதில் தப்பில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நுவரெலியா சீசனுக்கு வந்த கூட்டம் அப்படியே வாகைமலைக்கும் இறங்கியது. வலை போட்டவர்கள் போட்டார்கள், வெள்ளைப் பவுடர் கொட்டியவர்கள் கொட்டினார்கள், ஒருவன் ஜெனரேட்டரே தூக்கி வந்து வயரைத் தண்ணீருக்குள் விட்டான். "சூப்பர் ஸ்பொட்" என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டு எல்லாரும் போனார்கள். மீன் இல்லை என்று ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்கள் அடுத்த மாதம் வந்தார்கள். தர்ஷனுக்கு ஒரு லட்சம் பேர் சேர்ந்தார்கள். அவன் தூண்டிலை முறித்து அடுப்பில் வைத்துவிட்டு மறுபடி கொழும்புத் துணிக்கடைக்கே போய்விட்டான். அங்கேயும் யாராவது அடையாளம் கண்டு, அடுத்தது எங்கே என்று கேட்கிறார்களாம்.

இது நடந்து இரண்டு வருடம். நிலக்ஷி உலர்ந்த தரையில் பாய் விரித்துப் படித்துப் பரீட்சை எழுதினாள், நல்ல பெறுபேறு, இப்போது உயர்தரம் படிக்கிறாள். வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்குப் பாசிக் கோடு இருக்கிறது. எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தாலும் மறுநாள் பச்சையாகிவிடும். நாற்பது வீட்டில் எந்த வீடும் நாகலெட்சுமியோடு பேசுவதில்லை. கொழுந்து பறிக்கும் வரிசையில் அவளுக்கு இரண்டு பக்கமும் ஒரு செடி விட்டுத்தான் நிற்கிறார்கள். தேத்தண்ணி நேரத்தில் அவளுக்கு மட்டும் யாரும் கோப்பை நீட்டுவதில்லை. வேலை இல்லாத நாளில் லயத்தில் ரொட்டியும் சம்பலும்தான். அதைச் சாப்பிடும்போது யாராவது ஒருவர் அவள் வீட்டுப் பக்கம் பார்த்துத் துப்புவார்கள். அவளும் திருப்பித் துப்புகிறாள்.

இப்போதைய விஷயம் என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் வேன்கள் வரும் நேரம் மடு தானாக எழுந்து வந்துவிடுகிறது. யாரும் கூப்பிடுவதில்லை, யாரும் எதையும் போடுவதில்லை. பன்னிரண்டாம் நம்பர் மலை ஏறி, கோயிலைத் தாண்டி, நாகலெட்சுமி வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. முன்பு மாதிரி இல்லை, முழங்கால் ஆழம்தான், கரையெல்லாம் பொலித்தீன். உள்ளே விரல் நீளத்தில் இரண்டு கெண்டைக் குஞ்சுகள் இருக்கின்றன. லயத்தார் தண்ணீர்க் குடத்தோடு அதைச் சுற்றிப் போகிறார்கள், கோழிகள் அதில் குடிக்கின்றன, யோகேஸ்வரன் வந்தால் சைக்கிளை அந்தப் பக்கமாக நிறுத்துகிறார். கூட்டம் போனதும் மடு ஆற்றுக்குத் திரும்பிவிடுகிறது. ஆனால் போன ஞாயிறு வேன்காரன் ஒருவன் மோப்பம் பிடித்துத் தூண்டிலோடு லயம் வரைக்கும் ஏறி வந்துவிட்டான். மடு படியோடு ஒட்டிக்கொண்டது. அதன் விளிம்பு கதவில் மெல்ல மெல்லத் தட்டியது.

"ஞாயித்துக்கெழம மட்டும்தானேம்மா, ரெண்டு குஞ்சுதான் இருக்கு, உள்ள விடும்மா," என்று நிலக்ஷி கதவுக் கொண்டியில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "ஒரு தடவை விட்டா அப்புறம் போகாதுடி," என்று சொல்லிவிட்டு நாகலெட்சுமி மகளின் கை மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். திறக்கத்தான் அழுத்தினாளா, சாத்தத்தான் அழுத்தினாளா என்று நிலக்ஷிக்கே தெரியவில்லையாம், அதற்குள் வேன்காரன் போய்விட்டான். நாளைக்கு மறுபடி ஞாயிறு. நீங்களே சொல்லுங்கள், அந்த வீடு உங்கள் வீடாக இருந்தால் கதவைத் திறப்பீர்களா?