மேடையில் அத்தை

பாலக்காட்டுக் காலேஜ் வாசலில் போட்டிருந்த மேசையில் எனக்கு ஒரு பேட்ஜும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலும் கொடுத்தார்கள். பின்னால் நின்ற அத்தையும் கையை நீட்டினார். மேசைக்காரர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். "நானும் வந்திருக்கறனுங்கல்ல?" என்றார் அத்தை, கல்யாண வீட்டில் சந்தனம் எடுத்துக்கொள்கிற உரிமையோடு. அவருக்கும் பெயர் எழுதாத பேட்ஜ் ஒன்று கிடைத்தது. அதைப் பட்டுப்புடவையின் தோளில் குத்திக்கொண்டு நேராக முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். எழுபத்தேழில் நடந்த அந்தக் கம்ப்யூட்டர் கருத்தரங்குக்குப் பட்டுக் கட்டிக்கொண்டு வந்த ஒரே ஆள் என் மாமியார் சரஸ்வதியம்மாள்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் கோயமுத்தூரில் ஒரு மில்லின் கம்ப்யூட்டர் பிரிவில் புரோகிராமர். மில் ஆட்களின் சம்பளக் கணக்கை அட்டைகளில் ஓட்டை ஓட்டையாகக் குத்தி மிஷினுக்குள் விடுவோம். குத்தும்போது ஆள் நம்பரில் ஓர் எண் மாறிப்போனால் ஒருத்தர் சம்பளம் இன்னொருத்தருக்குப் போய்விடும். அந்தத் தப்பை மிஷினே பிடித்து அட்டையைத் திருப்பித் துப்புகிற மாதிரி ஒரு வழி செய்திருந்தேன். அதைக் கட்டுரையாக எழுதிக் கருத்தரங்குக்கு அனுப்பிய கையோடு கல்யாணமாகிப் பாலக்காட்டுக்குப் பக்கத்துக் கொல்லங்கோட்டுக்கு வந்துவிட்டேன். லீவு முடிந்து திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். இல்லாவிட்டால் வேலையை விட்டுவிட வேண்டும். என் வீட்டுக்காரர் ரத்தினசாமி நல்ல மனுஷர். நல்ல மனுஷர்களின் வழக்கப்படி, "அம்மாகிட்டக் கேட்டுக்க" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். அத்தையோ, "ஊட்ல என்ன கொறைன்னு கண்ணு பஸ்ஸேறிப் போற? வேண்டாம் சாமி" என்று தலையைத் தடவிச் சொன்னார். தலையைத் தடவுகிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? அழத்தான் முடிந்தது. அதைப் பார்த்துவிட்டு, "செரி, அப்பிடி என்ன வேலைன்னு ஒருக்கா வந்து பாத்துப்போட்டுச் சொல்றேன்" என்று இறங்கி வந்தார். ஆக, அன்று காலை பஸ் ஏறும்போது எனக்குக் கட்டுரையைப் பற்றிப் பயமே இல்லை. அத்தைக்குப் பிடிக்க வேண்டுமே என்பதுதான் கவலை.

முதலில் பேசியவர் பம்பாய்க்காரர். விளக்கை அணைத்துச் சுவரில் படம் காட்டி ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினார். அத்தை கதாகாலட்சேபம் கேட்பதுபோல் கைகட்டி உட்கார்ந்திருந்தார். நடுவில் என் பக்கம் சாய்ந்து, "என்ன சொல்றாரு?" என்று கேட்டார்.

"மிஷினுக்கு ஞாபகசக்திய ஜாஸ்தி பண்ணலாம்ங்கறாருங்க."

"நம்ம ரத்தினத்துக்கு எதாச்சும் பண்ண முடியுமான்னு கேளு."

எனக்கு அந்தப் பக்கம் இருந்த செபாஸ்டின் சார் சிரிப்பை அடக்க இருமினார். அவர் எங்கள் பிரிவின் அதிகாரி, சாலக்குடிக்காரர். நான் திரும்பி வருவேனா மாட்டேனா என்று அவருக்கும் தெரியாது.

என் முறை வந்தது. அந்த ஹாலில் அத்தையையும் என்னையும் விட்டால் அத்தனை பேரும் ஆண்கள். பேச வேண்டியதைத் தடுமாறாமல் பேசிவிட்டேன், கைகூடத் தட்டினார்கள். அதற்குப் பிறகுதான் வந்தது கேள்வி நேரம். ஒருத்தர் ஆங்கிலத்தில் கேட்டார். நான் பதிலைத் தொடங்குவதற்குள் இன்னொருத்தர் குறுக்கே விழுந்து, அந்த முறையே சரியில்லை என்றார். இல்லை, சரிதான் என்றார் மூன்றாமவர். அப்போது பின்வரிசையிலிருந்து தொழிற்சங்கக்காரர் ஒருவர் எழுந்து, என்னைப் பார்த்து விரலை நீட்டி மலையாளத்தில் உரக்கக் கேட்டார்:

"குட்டி இது பறயணம். ஈ மெஷின் வந்நால் எத்ர ஆளுகள்டெ பணி போகும்?"

எத்தனை பேருக்கு வேலை போகும் என்கிறார். நியாயமான கேள்விதான். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை எழுந்துவிட்டார். கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைப் படியில் ஏறி வந்து, என் தோளோடு தோள் ஒட்டி நின்றார்.

"ஏனுங்க, ஒத்தப் புள்ளய நடுவுல நிக்க வெச்சு இத்தன ஆம்பளைங்க கேட்டா, அவ ஆருக்குன்னு பதில் சொல்லுவா? ஒவ்வொருத்தராக் கேளுங்க. எம்பட மருமகதான். நான் கூட நிக்கறேன்."

ஹால் முழுக்கச் சிரிப்பு. எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. ஆனால் அவருடைய கை என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்துப் பஞ்சாயத்தில் நடுவில் நிற்பவர் மேல்தான் குற்றம். அது பெண்ணாக இருந்தால் வீட்டு ஆள் ஒருவர் போய்ப் பக்கத்தில் நிற்பார். யாரும் நிற்கவில்லை என்றால் அந்த வீடு அவளைக் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். கேள்வி நேரத்தை அத்தை பஞ்சாயத்து என்றே எடுத்துக்கொண்டுவிட்டார். நான் செய்தது என்ன என்று ஒரு வரி புரியாமலே என் பக்கம் நிற்க வந்துவிட்டார். என் சொந்த அம்மா வந்திருந்தால்கூட உட்கார்ந்த இடத்திலிருந்து அழுதிருப்பாளே தவிர ஏறி வந்திருக்க மாட்டாள்.

சங்கக்காரர் கைகூப்பினார். "வழக்கொன்னும் இல்ல அம்மே. ஒரு சோத்யம் சோதிச்சதாணு." சண்டையெல்லாம் இல்லை, ஒரு கேள்விதான் கேட்டேன் என்கிறார்.

"கேளுங்க. சொல்லுவா."

சொன்னேன். எங்கள் மில்லில் இதுவரை யாருக்கும் வேலை போகவில்லை, நாளைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது என்றேன். அவருக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் தலையாட்டி உட்கார்ந்தார். யாரோ அத்தைக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். "அவ நிக்கறாளே" என்று சொல்லி அதில் அவர் உட்காரவில்லை. கடைசிக் கேள்வி முடிகிற வரைக்கும் என் முழங்கையை விடவும் இல்லை.

மத்தியானச் சாப்பாட்டில் செபாஸ்டின் சார் தயங்கித் தயங்கி அத்தையிடம் வந்தார். "மயிலாத்தாள் திங்களாழ்ச்ச வருமல்லோ, அம்மே?"

திங்கட்கிழமை நான் வேலைக்கு வருவேன்தானே என்கிறார். நான் இலையிலிருந்து நிமிர்ந்து அத்தையைப் பார்த்தேன்.

"அந்த மிஷினு எங்கீங்க இருக்குது?" என்று கேட்டார் அத்தை.

"கோயம்புத்தூர்ல, மில்லுல. இப்பவும் ஓடிக்கிட்டுதான் இருக்கும்" என்றார் செபாஸ்டின் சார்.

"அதைப் பாக்காம எப்பிடீங்க சொல்றது?" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை காட்டினார்.

பஸ் ஸ்டாண்டில் கொல்லங்கோட்டு பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. நான் அதை நோக்கி நடந்தேன். பக்கத்தில் அத்தையைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால், அவர் கோயமுத்தூர் பஸ்ஸின் படியில் நின்று கண்டக்டரிடம் ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார்.

"அத்தே, நம்ம பஸ்ஸு இங்கீங்க நிக்குது!"

"மாடு கறக்க ரத்தினம் இருக்கறான். வா கண்ணு!" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பஸ்ஸில் அவரைத் தவிர ஓர் ஆள் இல்லை. ஆனாலும் அவர் ஜன்னலோர சீட்டில் வேறு யாரும் உட்கார்ந்துவிடாதபடி கையை விரித்து வைத்துக்கொண்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.